கழுத்தோடு நின்ற கை

மார்ச் 4

அக்காவுக்கு,

போன்ல வேண்டாம்னுதான் எழுதறேன். போன்ல நான் ஒரு வார்த்தை ஆரம்பிச்சா நீ ஒன்பது வார்த்தையில முடிச்சு வெச்சிடுவே. கடிதத்துல குறுக்கே பேச முடியாது பாரு. அதனால கடைசி வரைக்கும் படி. பதிலையும் எழுதியே அனுப்பு. கூப்பிட்டா எடுக்க மாட்டேன். ஞாயித்துக்கிழமை பதினோரு தடவை அடிச்சியே, அத்தனை தடவையும் போன் என் மடியிலதான் இருந்தது.

வாலுவுக்கு ஆபரேஷன் தேதி குறிச்சாச்சு. இந்த மாசம் இருபத்தெட்டு. நீ வேண்டாம்னு கத்தினதுக்கு அப்புறம் குறிச்சதுதான்.

நவம்பர்ல அவளைக் குளிப்பாட்டும்போது கழுத்துல இடது பக்கம் அந்தக் கட்டி என் கையிலதான் முதல்ல பட்டுது. மூணு வயசுக் குழந்தை. இங்கே ஒரு டாக்டர் ஊசியைக் குத்தி உறிஞ்சிப் பார்த்துட்டு, பூரா இளம் வெள்ளை அணுவா இருக்கு, கேன்சரா இருக்கலாம்னார். பதினாறு நாள் எனக்குப் பச்சத் தண்ணி இறங்கல. அப்புறம்தான் உன்கிட்ட ஓடி வந்தேன், ஸ்கேன் எடுக்கிற அக்கா ஒருத்தி இருக்காளேன்னு. நீ திரையைப் பார்த்துட்டு சிரிச்சே. இது கேன்சரும் இல்ல மண்ணும் இல்ல, தைமஸ்னு ஒரு சுரப்பி, நெஞ்செலும்புக்குப் பின்னாடி இருக்க வேண்டியது, குழந்தை வயித்துல உருவாகும்போது கழுத்துலேர்ந்து கீழே இறங்கும், இறங்கற வழியில ஒரு துண்டு தங்கிப் போச்சு, பெரியவளானா தானே சுருங்கிடும்னு சொன்னே. அன்னைக்கு உன்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். அதை நான் மறக்கல.

ஆனா ஜனவரியில சளி பிடிச்சதுலேர்ந்து அது வீங்கிக்கிட்டே வருது. மத்தியானம் தூங்கினா வீடு பூரா குறட்டை கேக்குது. கெட்டியா எதைக் கொடுத்தாலும் தொண்டையில நின்னு கண்ணு பிதுங்குது. இங்கே இருக்கிற சர்ஜன் கழுத்துக்கு மட்டும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். மூச்சுக்குழாயை அது வலது பக்கமாத் தள்ளி, பாதியா நசுக்கியிருக்கு. உன் ரிப்போர்ட்டை இரண்டு தடவை படிச்சார். அதுல நீயே எழுதியிருக்கே: மார்பில் தைமஸ் இயல்பான இடத்தில், இயல்பான அளவில் உள்ளது. அப்போ நெஞ்சுல ஒண்ணு இருக்கு, கழுத்துல இருக்கிறது உபரிதான், முழுசா எடுத்துடலாம், குழந்தைக்கு ஒண்ணும் குறையாதுன்னுட்டார்.

இதைச் சொன்னதுக்குத்தான் நீ கத்தினே. என்கிட்ட கத்தினா கூடப் பரவாயில்ல, பழகிப் போச்சு. எங்க வீட்டுக்காரருக்கு வேலை நேரத்துல போன் போட்டு, உங்க பொண்டாட்டிக்குத்தான் மூளை இல்ல, நீங்களாவது தடுத்து நிறுத்துங்கன்னியாமே. ஸ்பீக்கர்ல போட்டிருந்தார். கூட நாலு பேர் நின்னுக்கிட்டிருந்தாங்க.

நான் அவளோட அம்மா. நீ பெரியம்மா. இந்த வித்தியாசம் ஞாபகம் இருக்கட்டும்.

உன் தங்கை


மார்ச் 8

முந்திரிக்கொட்டைக்கு,

படிச்சேன். குறுக்கே பேசாமத்தான் படிச்சேன், போதுமா?

ஸ்பீக்கர் விஷயத்துக்கு மன்னிப்புக் கேக்கறேன். அவர் ஸ்பீக்கர்ல போடுவார்னு நான் கனவா கண்டேன்? மூளை இல்லேன்னு சொன்னதுக்கு மட்டும் மன்னிப்புக் கேக்க மாட்டேன். மூணு வயசுக் குழந்தையோட கழுத்துல கத்தி வைக்கிறது உனக்குச் சட்டையில காலர் பிரிக்கிற வேலையா? அந்த இடத்துல எத்தனை நரம்பு ஓடுது, எத்தனை ரத்தக் குழாய் ஓடுதுன்னு உனக்குத் தெரியுமா? குரலுக்குப் போற நரம்பு ஒண்ணு இருக்கு. அது போச்சுன்னா இன்னைக்கு வீட்டைத் தலைகீழாக்குற வாலு நாளைக்குக் காத்து மாதிரிதான் பேசும்.

கேளு. கேன்சர்னு ஊசிக்காரர் சொன்னப்போ அது கேன்சர் இல்லேன்னு சொன்னது யாரு? இந்தப் படிக்காத அக்காதான். எங்க சென்டர்ல பெரிய டாக்டர் சாயங்காலம் வந்து மொத்தமாக் கையெழுத்துப் போடுவார், அவ்வளவுதான். திரையில பார்த்தது நான். கறுப்புல வெள்ளைப் பொட்டுப் பொட்டா, மிருதுவா, குழாயைச் சுத்தி வளைஞ்சு கொடுத்து, அது தைமஸ்தான்னு ஒரு நொடியில சொன்னேன். தைமஸ் முழுக்க இளம் வெள்ளை அணுதான் இருக்கும், அதுக்கு அதுங்க வளர்ற பள்ளிக்கூடம்னு பேர். ஊசியில அதுதானே வரும்? ஊசிக்காரருக்கு அது தோணல. பதினேழு வருஷமா இந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கேன். சும்மா உட்காரல.

இப்போ என் ரிப்போர்ட்டை வெச்சே என் தலையில அடிக்கிறே. ஊருக்கு ஒரு சர்ஜன் கத்தியைத் தீட்டிக்கிட்டு உட்கார்ந்திருப்பார். வெட்டறவர்கிட்ட போய் வெட்டலாமான்னு கேட்டா வேற என்ன சொல்லுவார்? சளியில வீங்கினது சளி போனா வத்தும். ஆறு வாரம் பொறு. அதுக்குள்ள ஆகாசம் இடிஞ்சு விழாது.

அம்மா, பெரியம்மா வித்தியாசம் எல்லாம் எனக்குச் சொல்லித் தராதே. எனக்குக் குழந்தை இல்லேங்கிறதை நீ இவ்வளவு நாசூக்காச் சொல்லிக்காட்டுவேன்னு நான் எதிர்பார்க்கல.

அக்கா


மார்ச் 13

அக்காவுக்கு,

உனக்குக் குழந்தை இல்லேன்னு நான் எங்கே எழுதினேன்? கடிதத்தை எடுத்துப் பார். நான் எழுதாததைப் படிக்கிற கலையை எங்கே கத்துக்கிட்டே?

ஆறு வாரம் பொறுக்கணுமாம். நேத்து என்ன நடந்ததுன்னு சொல்றேன், அப்புறம் பொறுக்கச் சொல்லு. மத்தியானம் பாயில படுக்க வெச்சுட்டு நான் துணி மடிச்சுக்கிட்டிருந்தேன். குறட்டை திடீர்னு நின்னுது. சத்தம் நின்னதுன்னு ஒரு நிமிஷம் நிம்மதியா இருந்தேன், பாவி நான். திரும்பிப் பார்த்தா உதடு நீலமா இருக்கு. தூக்கி உட்கார வெச்சதும் மூச்சு வந்தது. அதுலேர்ந்து அவளைச் சாய்ச்சே தூங்க வைக்கிறேன், என் நெஞ்சுல சாய்ச்சு. இன்னைக்கு வேலைக்குப் போகல. நீ வந்து ஒரே ஒரு மத்தியானம் அவளைச் சாய்ச்சு வெச்சுக்கிட்டு உட்காரு. அதுக்கப்புறம் ஆகாசத்தைப் பத்திப் பேசலாம்.

சர்ஜன் கத்தியைத் தீட்டிக்கிட்டு உட்காரல. சும்மா இருக்கிற கட்டின்னா நானே தொட மாட்டேன், சுருங்கட்டும்னு விட்டுடுவேன், மூச்சை அடைக்கிறதால எடுக்கணும்னு அவர்தான் சொன்னார். நெஞ்சுல தைமஸ் இருக்கான்னு அவர்தான் முதல் கேள்வியாக் கேட்டார். இது ஒண்ணுதான் இருக்குன்னா முழுசா எடுத்தா நோயை எதிர்க்கிற சக்தி குறைஞ்சிடும்மா, அதனாலதான் கேக்கறேன்னார். உன் ரிப்போர்ட்டைக் காட்டினேன். எங்க அக்கா எடுத்ததுன்னு பெருமையா வேற சொன்னேன். நீ என்னை எவ்வளவு திட்டினாலும் வெளியே போனா உன்னைப் பத்திப் பெருமைதான் பேசறேன், அதுதான் என் தலையெழுத்து.

எனக்கு ஒண்ணு புரியல அக்கா. அன்னைக்கு உன் ரூம்ல இருந்தவ எங்கே போனா? ஜெல் சில்லுனு பட்டதும் வாலு வீல்னு கத்தினா. கழுத்தைப் பார்த்து முடிச்சுட்டு நீ கையைக் கீழே நெஞ்சுக்குக் கொண்டு போனே. அவ உன் மணிக்கட்டைக் கடிச்சா. உன் கண்ணு கலங்கிடுச்சு, நான் பார்த்தேன். போதும்டா தங்கம், பெரியம்மா எடுத்துட்டேன் பாருன்னு சொல்லிக் கையை எடுத்துட்டே. துடைச்சு விட்டுத் தூக்கி வெச்சுக்கிட்டே. வேற எந்தக் குழந்தை அழுதாலும் இவங்க அசையவே மாட்டாங்க, இன்னைக்குத்தான் அதிசயம்னு உன்கூட வேலை பார்க்கிற பொண்ணு சொல்லிச் சிரிச்சா. எனக்கு அன்னைக்கு மனசு நிறைஞ்சு போச்சு.

அந்த அக்காவை வரச் சொல்லு. கத்தற அக்கா அங்கேயே இருக்கட்டும்.

தங்கை


மார்ச் 16

தங்கச்சி,

இதை உட்கார்ந்து படி. கூரியர்ல அனுப்பறேன். நீ போனை எடுக்கலேன்னதும் உங்க சர்ஜனோட வார்டுக்கே போன் பண்ணி நர்ஸ்கிட்ட சொல்லிட்டேன். அவங்க எழுதிக்கிட்டுத் திருப்பிப் படிச்சுக் காட்டினாங்க. அதனால இந்தக் கடிதம் லேட்டா வந்தாலும் கெடுதல் இல்ல. ஆனா நர்ஸ் சொல்லி உனக்குத் தெரியக் கூடாது, நானே சொல்லணும்.

நான் வாலுவோட நெஞ்சைப் பார்க்கல.

நீ எழுதினதைப் படிச்சேன். காலையில முதல் ஆளாப் போய் அவ படங்களை எடுத்தேன். மொத்தம் பதினாலு. பதினாலும் கழுத்து. நெஞ்சுக்குக் கையைக் கொண்டு போனேன், அவ கடிச்சா, எடுத்துட்டேன். நீ சொன்னபடிதான் நடந்திருக்கு. உனக்கு ஞாபகம் இருக்கு, எனக்கு இல்ல.

அப்போ ரிப்போர்ட்ல அந்த வரி எப்படி வந்ததுன்னு கேப்பே. எங்க கம்ப்யூட்டர்ல ஒவ்வொரு ஸ்கேனுக்கும் ஒரு ரிப்போர்ட் ஏற்கெனவே அடிச்சு வெச்சிருக்கும். எல்லா உறுப்பும் இயல்பா இருக்குன்னு எல்லா வரியும் அதுல இருக்கும். கோளாறு இருக்கிற வரியை மட்டும் அழிச்சுட்டு, பார்த்ததை எழுதணும். வேலை சீக்கிரம் முடியணும்னு செஞ்ச ஏற்பாடு. நான் கழுத்து வரியை அழிச்சு எழுதினேன். அது தைமஸ்னு நான் கண்டுபிடிச்ச பெருமையில அதை மூணு தடவை படிச்சு அழகு பார்த்தேன். கீழே மார்பு வரி அது பாட்டுக்கு நின்னுது. அது நான் எழுதினது இல்ல. ஆனா அதை விட்டவ நான்தான். பெரிய டாக்டர் கையெழுத்துப் போட்டார், ஆனா அவர் மேல பழியைப் போட மாட்டேன்.

நெஞ்சுல இருக்கலாம். பெரும்பாலான குழந்தைங்களுக்கு இருக்கும். ஆனா இருக்குன்னு யாரும் பார்க்கல. பார்க்காம முழுசா எடுக்க விடாதே. எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லு, மயக்கம் கொடுத்து எடுப்பாங்க, அழ மாட்டா.

உதடு நீலமானதையும் படிச்சேன். ஆறு வாரம் பொறுன்னு எழுதின கையை என்ன செய்யறதுன்னு தெரியல. ஆபரேஷன் வேணும். நீ சொன்னது சரி, நான் சொன்னது தப்பு.

வரட்டுமான்னு கேக்க எனக்கு வாய் வரல. நீ சொன்னா அடுத்த வண்டியில ஏறுவேன்.

அக்கா


மார்ச் 21

உன் கடிதமும் வந்தது, நர்ஸ் சொன்னதும் தெரியும்.

முதல்ல நான் என்ன நினைச்சேன் தெரியுமா? நாடகம்னு நினைச்சேன். நீ பிடிச்ச முயலுக்கு எப்பவும் மூணே கால்தானே. ஆபரேஷனை நிறுத்த வேற வழி இல்லாம, உன் ரிப்போர்ட்டே பொய்னு இப்போ புதுசா ஒரு கதை கட்டறேன்னு நினைச்சேன். இவரும் அதையேதான் சொன்னார். பார், உன்னை நம்பின இடத்துல நான் ஏமாந்தேன், நீ உண்மை சொன்ன இடத்துல நம்பல. சர்ஜன்தான் அதெல்லாம் பேச்சில்ல, படம் எடுத்துடலாம்னு சொல்லிட்டார்.

நேத்து எம்ஆர்ஐ எடுத்தாங்க. மயக்க மருந்து கொடுத்து, மூச்சுக்குன்னே ஒரு டாக்டரைப் பக்கத்துல நிறுத்தி வெச்சு எடுத்தாங்க. சர்ஜன் என்னைக் கூப்பிட்டு, விரலை வெச்சுக் காட்டினார். நெஞ்செலும்புக்குப் பின்னாடி அது இருக்க வேண்டிய இடம் காலி. ஒண்ணும் இல்ல அக்கா. துண்டு கூட இறங்கல. மொத்தமும் கழுத்துலயே நின்னு போச்சு.

அவளுக்கு இருக்கிறதே அது ஒண்ணுதான். உபரின்னு சொல்லி அதைத்தான் இருபத்தெட்டாம் தேதி முழுசா எடுத்துத் தட்டுல போட இருந்தோம். எடுத்துட்டு, நல்லபடியா முடிஞ்சுதுன்னு சொல்லிக்கிட்டு வீட்டுக்கு வந்திருப்பேன். அதுக்கப்புறம் அவளுக்கு எதுக்கெடுத்தாலும் காய்ச்சல் வந்தா, ஏன் வருதுன்னு யாருக்குத் தெரிஞ்சிருக்கும்? கண்ணு பட்டுடுச்சுன்னு நானே சொல்லியிருப்பேன்.

நான் என்ன வேலை பார்க்கறேன்னு உனக்குத் தெரியும். செக்கிங் டேபிள். ஒரு நாளைக்கு நானூறு சட்டை. பொத்தானை இழுத்துப் பார்க்காம, தையலைத் திருப்பிப் பார்க்காம சரி பார்த்தாச்சுன்னு சீட்டைக் குத்தினா அன்னைக்கே என்னை வெளியே அனுப்பிடுவாங்க. அது சட்டை, அக்கா. வெறும் சட்டை.

அவ அழுததைப் பொறுக்க முடியாம நீ கையை எடுத்துட்டேன்னு நான் ஊரெல்லாம் சொல்லிப் பூரிச்சுப் போனேனே, அதை நினைச்சாத்தான் எனக்கு ஆத்திரம் அடங்கல.

வராதே.


மார்ச் 24

தங்கச்சி,

வரல.

நீ கேக்கலேன்னாலும் நான் செஞ்சதைச் சொல்லிடறேன். பெரிய டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். குழந்தைக்கு ஒண்ணும் ஆகலையே, அப்புறம் எதுக்கு இதைக் கிளறறேன்னார். எனக்கு வந்த கோபத்துல, ஆகியிருந்தா நீங்க கையெழுத்துப் போட்ட தாளும்தான் சார் அது, அன்னைக்கும் இதையே சொல்லுவீங்களான்னு கேட்டுட்டேன். பதினேழு வருஷத்துல அவர்கிட்ட நான் குரலை உசத்தினது இதுதான் முதல் தடவை. உன்கிட்டயும் உங்க வீட்டுக்காரர்கிட்டயும் மட்டும் தாராளமா உசத்தியிருக்கேன், தெரியும்.

மூணு வருஷத்துல இந்த மாதிரி கழுத்துக் கட்டின்னு வந்த குழந்தைங்களோட படத்தை எல்லாம் உட்கார்ந்து பார்த்தேன். முப்பத்தொரு பேர். ஒன்பது பேருக்கு நெஞ்சுப் படம் ஒண்ணு கூட இல்ல, ரிப்போர்ட்ல மட்டும் இயல்புன்னு இருக்கு. அதுல நாலு நான் எடுத்தது. ஒன்பது வீட்டுக்கும் நானே போன் பண்ணித் திரும்ப வரச் சொன்னேன். ஒரு அப்பா என்னைக் கேட்ட கேள்வியை இங்கே எழுத முடியாது. கேட்டுக்கிட்டேன்.

அடிச்சு வெச்ச ரிப்போர்ட்லேர்ந்து இயல்புங்கிற வார்த்தையை எல்லாம் எடுக்க வெச்சுட்டேன். இப்போ அந்த இடத்துல பார்க்கவில்லைன்னு இருக்கும். பார்த்தவங்கதான் அதை அழிச்சுட்டு எழுதணும். வேலை தாமதமாகுதுன்னு எல்லாரும் என்னைத் திட்டறாங்க.

உங்க சர்ஜன் எனக்குப் போன் பண்ணினார். நான் எடுத்த கழுத்துப் படங்களை அனுப்பச் சொன்னார், ரத்தக் குழாய் எந்தப் பக்கமா உள்ளே போகுதுன்னு அதுல தெளிவா இருக்காம். மூச்சுக்குழாயை அழுத்தற பகுதியை மட்டும் எடுத்துட்டு, ரத்தம் ஓடற மீதியை அங்கேயே விடறதா உத்தேசம்னார். சரியான முடிவு. என் படம் அதுக்காவது ஆச்சேன்னு ஒரு அல்ப சந்தோஷம் வந்தது. வந்ததும் என் மேலயே அருவருப்பு வந்தது.

இருபத்தெட்டாம் தேதி லீவு போட்டிருக்கேன். எங்கேயும் போகல. போன் மடியில இருக்கும்.

அக்கா


ஏப்ரல் 7

அக்காவுக்கு,

இருபத்தெட்டாம் தேதி நான் போன் பண்ணல. வேணும்னேதான் பண்ணல. நாள் பூரா நீ போனை வெச்சுக்கிட்டுத் தவிக்கட்டும்னு இருந்தேன். சாயங்காலம் இவர்தான் பொறுக்காம, ஒரு வரி அனுப்பிடறேன், அவங்களும் மனுஷிதானேன்னார். அனுப்பினாரா என்னன்னு நான் கேக்கல.

மூணு மணி நேரம் ஆச்சு. முக்கால்வாசியை எடுத்துட்டு, ஒரு பாதாம் பருப்பு அளவுக்கு இடது பக்கம் விட்டு வெச்சிருக்கார். குரல் நரம்புக்கு ஒண்ணும் ஆகல. எப்படித் தெரியும்னா, மயக்கம் தெளிஞ்சதும் நர்ஸைப் பார்த்து போடின்னா. எடுத்ததைப் பரிசோதனை பண்ணிட்டாங்க. சுத்தமான தைமஸ், கேன்சர் இல்ல. அதை நீ சரியாத்தான் சொன்னே. அந்த ஒண்ணை உன்கிட்டேர்ந்து நான் பிடுங்கிக்கல.

இப்போ குறட்டை இல்ல. மத்தியானம் மல்லாந்து படுத்துத் தூங்கறா. சத்தமே இல்லாம தூங்கறதால நான் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை மூக்குக்கிட்ட விரலை வெச்சுப் பார்க்கறேன். அந்தப் பயம் போக எனக்கு எத்தனை வருஷம் ஆகும்னு தெரியல.

கோபம் போயிடுச்சான்னு கேக்காதே. போகல. காலையில பல் விளக்கும்போது வருது, டேபிள்ல சீட்டுக் குத்தும்போது வருது. ஒரு தடவை உன் மேல வருது, ஒரு தடவை அவளைப் பிடிச்சுக்கிட்டு நின்ன என் மேலயே வருது. நீ கையை எடுத்தப்போ, முழுசாப் பார்த்தாச்சான்னு நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்கல. அழுகை நின்னா போதும்னு நானும்தான் நினைச்சேன்.

விட்டு வெச்ச துண்டு உயிரோட இருக்கா, திரும்ப வளர்ந்து மூச்சை அழுத்துதான்னு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் பார்க்கணுமாம். ரத்தத்துல அந்த வெள்ளை அணுவையும் எண்ணிப் பார்க்கணுமாம். பத்துப் பன்னெண்டு வயசு வரைக்கும் இந்தக் கதைதான். இங்கேயே எடுத்துக்கலாம்னு சர்ஜன் சொன்னார். இவரும் இங்கேயே எடுத்துடலாம், எதுக்கு வம்புன்னார்.

நான்தான் வேண்டாம்னுட்டேன். இங்கே எடுக்கிற பொண்ணு ரொம்ப நல்லவ. அழற குழந்தையைக் கண்டா உருகிப் போறா. எனக்கு அது வேண்டாம்.

செப்டம்பர் கடைசி வாரம் அவளைக் கூட்டிக்கிட்டு வர்றேன். உன் வீட்டுல தங்க மாட்டேன், நேரா சென்டருக்குத்தான் வருவேன். அவளை என் மடியில நானே இறுக்கிப் பிடிச்சுக்கறேன். கழுத்தையும் பார், நெஞ்சையும் பார். காலியான இடமா இருந்தாலும் பார்த்துட்டுக் காலின்னு எழுது. அவ கடிப்பா, முன்னைவிட இப்போ பல்லு ரெண்டு அதிகம். அழுவா, பெரியம்மான்னு உன் பேரைச் சொல்லித்தான் அழுவா.

அழட்டும். நீ கையை எடுக்காதே.

தங்கை